வீட்டு வளவில் நிற்கும் பெரிய மரத்தை வெட்ட யாரைக் கேட்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தாத்தா காலத்து வீடு. கிணற்றடியில் பெரிய புளியமரம் ஒன்று பக்கத்து ஓட்டு வீட்டை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. மழைக்கு முன்னால் வெட்டிவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். அதே வளவில் இரண்டு தேக்கு இருக்கிறது. அதையும் சேர்த்து இறக்கி, பொள்ளாச்சியில் கட்டும் வீட்டின் கதவு நிலைக்குக் கொண்டுபோக நினைக்கிறீர்கள். "நம்ம மரம், யாரைக் கேக்கணும்" என்கிறார் உங்கள் அண்ணன். பேப்பர் எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக மர வியாபாரி சொல்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்ட அனுமதி வேண்டுமா என்று கேட்டாலும் உங்கள் கேள்விக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மரத்தை வெட்டலாமா, வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றி மாநில எல்லையைத் தாண்டலாமா, யாருக்கும் எதற்கும் சேதம் இல்லாமல் கீழே இறக்க முடியுமா. எல்லாரும் முதலாவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் வட்டாரத்தில் வருஷக்கணக்காக வீட்டு மரம் இறக்கும் ஒப்பந்த வேலை செய்கிறவன் நான். ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். நான் வக்கீல் இல்லை. உங்கள் மரத்தையும் ஆதாரத்தையும் நேரில் பார்க்கவும் இல்லை. எதை உறுதியாகச் சொல்கிறேன், எது நேரில் பார்த்தால்தான் தெரியும் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். கேரளத்தில் வனம் அல்லாத நிலத்தில் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்க 2005-இல் ஒரு சட்டம் வந்தது. சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் கொண்டுபோகவும் நிலக்காரருக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. சந்தனம் மட்டும் அதில் சேராது. ஆகவே புளி, மா, பலா, வேம்பு, தென்னை போன்றவற்றை உங்கள் சொந்த வளவில் வெட்டுவதற்கு வனத்துறையிடம் போய் நிற்க வேண்டியதில்லை. புளியமரத்தைப் பொறுத்தவரை உங்கள் அண்ணன் சொல்வது சரிதான்.

தேக்கில்தான் அவர் சொல்வது அப்படியே பொருந்தாது. தேக்கு, ஈட்டி மாதிரியான சில மரங்களை அந்தச் சட்டம் தனியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவற்றை வெட்டும் முன் வனத்துறையின் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், அந்த நிலம் உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பது. நம் பக்கத்தில் "பட்டயம்" என்று எல்லாரும் ஒரே பேரில் சொல்லும் காகிதம் உண்மையில் ஒன்றல்ல. நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைக்காரராக இருந்தவருக்கு லேண்ட் டிரிப்யூனல் (நிலத் தீர்ப்பாயம்) கொடுத்த கிரயச் சான்று ஒரு வகை. கேரளத்தில் 1970 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஜன்மிகளின் (பழைய நிலவுடைமையாளர்களின்) உரிமை அரசுக்குப் போனது. அதன் வழியாக வந்த நிலங்கள் இவை. அரசு தன்னுடைய நிலத்தைப் பதித்துக் கொடுத்தது, அதாவது ஒதுக்கிக் கொடுத்தது, இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில்தான் சிக்கல். 1964-ஆம் வருஷத்து நிலப் பதிவு விதிகளின்படி, நிலம் கொடுக்கும்போதே அதில் நின்ற தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசின் சொத்து. ராஜகீய மரம் என்று அவற்றைச் சொல்வார்கள். மண் உங்களுடையதாக இருக்கும், அதில் நிற்கும் தேக்கு உங்களுடையதாக இருக்காது.

பதித்துக் கொடுத்த பிறகு நட்டு வளர்த்த தேக்கின் கதை என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. பட்டயம் கிடைத்த பின் நட்டதையும் தானாக முளைத்ததை விட்டு வளர்த்ததையும் நிலக்காரர் வெட்டலாம் என்று 2020 அக்டோபரில் கேரள வருவாய்த் துறை ஓர் உத்தரவு போட்டது. அதைக் காட்டி வயநாடு முட்டில் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்களை வெட்டிவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் உத்தரவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், பிறகு பெரிய வழக்காகிவிட்டது. அங்கே வியாபாரிகளை நம்பிக் கையெழுத்துப் போட்ட சிறு நிலக்காரர்களும், அதில் ஆதிவாசிகள் உட்பட, பிரச்சினையில் மாட்டினார்கள். மர வியாபாரி "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இதுதான். வண்டி பிடிபட்டால் வியாபாரிக்கு ஒரு லோடு மரம்தான் நஷ்டம். சர்வே எண்ணும் கரம் (நிலவரி) ரசீதும் உங்கள் பேரில் இருக்கிறது, நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். மர வியாபாரிகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. நேர்மையானவர்கள் நிறைய பேருடன் வேலை செய்கிறேன். ஆனால் அனுமதி மனுவில் உங்கள் கையெழுத்தை நீங்களே போடுங்கள், நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

எனவே தேக்கைத் தொடும் முன் வில்லேஜ் ஆபீஸுக்குப் போங்கள். தாத்தாவின் பட்டயம், நடப்பு வருஷக் கரம் கட்டிய ரசீது, கைவசச் சான்று (நிலம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்ற சான்று) மூன்றையும் எடுத்துக்கொண்டு, இது டிரிப்யூனல் வழி வந்த நிலமா, அரசு பதித்துக் கொடுத்ததா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தாத்தா பேரிலேயே இன்னும் தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) இருந்தால், வாரிசுகள் எல்லாருடைய சம்மதமும் தேவைப்படும். இதில் அலட்சியம் வேண்டாம். வெளியூரில் இருக்கும் ஒரு சித்தப்பா மகன் ஒரு புகார் கொடுத்தாலே வேலை நின்றுவிடும். அந்தக் காகிதத்தோடு வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்குப் போனால், அவர்கள் ஆள் வந்து மரத்தை அளந்து, மகசர் (நேரில் பார்த்ததன் குறிப்பு) எழுதி, வெட்டியதும் துண்டுகளில் அடையாளம் போட்டுப் பாஸ் கொடுக்கும் முறையைச் சொல்வார்கள்.

எல்லை தாண்டுவது தனி வேலை. வெட்ட உரிமை இருப்பதால் மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோபாலபுரம் வழியாகப் போய்விட முடியாது. இந்தப் பக்கம் கேரளத்தின் மரப் போக்குவரத்து விதிகள், அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் 1968-ஆம் வருஷத்து மரப் போக்குவரத்து விதிகள். தேக்குத் தடிக்கு (அறுக்காத உருட்டு மரத்துக்கு) எங்கிருந்து எங்கே, எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் என்ன நீளம், என்ன சுற்றளவு, எந்த வண்டி என்பதெல்லாம் எழுதிய பாஸ் வேண்டும். அதில் இருக்கும் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஒரே பாஸை இணையத்தில் எடுக்கும் முறையை மத்திய அரசு 2023 டிசம்பரில் தொடங்கி வைத்தது. கட்டுப்பாடு உள்ள மரத்துக்கு அதில் பாஸ் போடலாம், விலக்கு உள்ள மரத்துக்குத் தடையில்லாச் சான்றை நாமே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ரேஞ்ச் ஆபீஸில் எந்த வழியில் வாங்கச் சொல்கிறார்களோ அந்த வழியில் வாங்குங்கள். இங்கேயே மில்லில் அறுத்துப் பலகையாக்கிக் கொண்டுபோனால் பாஸ் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுத்த தேக்குக்கும் அது எங்கிருந்து வந்தது என்ற காகிதம் கேட்பார்கள்.

ஒரு சின்ன விஷயம், பணத்தோடு சம்பந்தப்பட்டது. தடி அளக்கும்போது நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 5 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் 15.6 கன அடி. உருளையாக நினைத்து முழுக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 19.9 வரும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமலே போகிறது. அறுக்கும்போது ஓரத்தில் போகும் சேதாரத்துக்காக வந்த பழைய முறை இது, ஏமாற்று இல்லை. ஆனால் அதற்கு மேல் "பட்டைக்குக் கழிவு" என்று இன்னும் இரண்டு மூன்று அங்குலம் குறைத்தால் அதைப் பேசித்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். டேப் பிடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

இனி புளியமரத்துக்கு வருகிறேன், எனக்கு அதைப் பற்றித்தான் அதிக கவலை. முதல் கேள்வி, அதை வெட்டத்தான் வேண்டுமா? சாய்ந்திருக்கிறது என்பதாலேயே ஒரு மரம் விழப்போகிறது என்று அர்த்தமில்லை. நம் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. மலைத்தொடரில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் இடைவெளி அது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று முழுக்க அதற்குள் புகுந்துதான் வருகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்ததே அதனால்தான். சின்னதிலிருந்து அந்தக் காற்றில் நின்ற மரங்கள் பல கிழக்குப் பக்கம் சாய்ந்தே வளர்ந்திருக்கும். அப்படி வளர்ந்த மரத்தின் அடி வளைந்திருக்கும், நுனி நிமிர்ந்து மேலே போகும், சாய்வுக்கு எதிர்ப்பக்க வேர் தடித்துத் தெரியும். அது பழைய சாய்வு, மரம் தன்னைச் சரிசெய்துகொண்டது. அடியிலிருந்து நுனி வரை ஒரே கோடாக, நட்ட கம்பம் சரிந்த மாதிரி நின்றால் அது புதிய சாய்வு. அப்போது சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணைப் பாருங்கள். பிறை வடிவத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதா, மண் லேசாகத் தூக்கியிருக்கிறதா? இருந்தால் யோசிக்க நேரமில்லை. அந்தப் பக்கம் யாரும் படுக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் அன்றைக்கே சொல்லுங்கள்.

இன்னொன்று உள்பொந்து. வயதான புளியில் நடுமரம் மக்கிப்போவது சாதாரணம். கைக்கோடாலியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் "டக்"கென்று அடங்கிய சத்தம் வரும், பொந்து உள்ள இடத்தில் பறை மாதிரி ஒலிக்கும். மழைக்குப் பிறகு வேர்க்கழுத்தில் தட்டுத் தட்டாகக் கெட்டியான காளான் வந்திருந்தால் வேர் மக்குகிறது என்று பொருள், பொந்தைவிட அது மோசமான அறிகுறி. பொந்து இருந்தால் விழுந்துவிடும் என்பதும் சரியில்லை. சுற்றியுள்ள கெட்டி மரம் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் தாங்கும் என்று மரநிபுணர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது மூடிய, நடுவில் அமைந்த பொந்துக்கு ஓரளவு சரி. ஒரு பக்கம் வாய் திறந்த பொந்துக்கும் சாய்ந்த மரத்துக்கும் அந்தக் கணக்கை நம்பி நான் ஆளை ஏற்றமாட்டேன். உங்கள் மரம் எந்த வகை என்பதைத் தட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

கிணற்றடியில் கல்லோ சிமெண்டோ போடுவதற்காக யாராவது வேரை வெட்டியிருக்கிறார்களா என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். மரத்தைப் பிடித்து நிற்கும் வேர் பெரும்பாலும் மேல் மூன்று அடி மண்ணுக்குள்தான் படர்ந்திருக்கும். ஒரு பக்கம் அதை அறுத்தால் நாலைந்து வருஷம் கழித்துக்கூட ஒரு காற்றில் மரம் போய்விடும். வேர் நன்றாக இருந்து, சாய்வும் பழையதாக இருந்தால், பக்கத்து வீட்டு மேல் நீளும் கிளைகளை மட்டும் கிளைக்கழுத்தில் (கிளை பெருமரத்தோடு சேரும் தடித்த இடத்தில்) சுத்தமாக வெட்டிப் பாரத்தைக் குறைத்தாலே போதும். தலையை மொட்டையடிப்பது மட்டும் வேண்டாம். வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் புதுக் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது, சில வருஷத்தில் அவைதான் முதலில் முறிந்து விழும்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதை வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். விழக்கூடிய மரத்தைக் கட்டி நிறுத்தவோ கழிக்கவோ வெட்டவோ சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 238-ஆம் பிரிவில் கிராம பஞ்சாயத்துக்கு உண்டு. ஆர்டிஓ (வருவாய்க் கோட்ட அதிகாரி) முன்னால் போகவும் அவருக்கு வழி உண்டு: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 152 ஆகியிருக்கிறது. மழைக்கு முன்னால் ஆபத்தான மரங்களை அப்புறப்படுத்தச் சொல்லிக் கலெக்டரும் உத்தரவு போடுவது வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த பிறகு நீங்கள் சும்மா இருந்து மரம் விழுந்தால், தெரிந்தே விட்டுவிட்டீர்கள் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. மரத்தைப் பார்க்க ஆளைக் கூப்பிட்டிருந்தால் அதைத் தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதி அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அப்புறம் அவர் வளவுக்குள் ஆள் இறங்க, கயிறு கட்ட, கிளை விழ அவருடைய சம்மதத்தையும் எழுதி வாங்குங்கள். ஓடு உடைந்தால் யார் மாற்றித் தருவது என்பதும் அதில் இருக்கட்டும்.

எப்போது வெட்டுவது? ஆனி, ஆடி, ஆவணியில் கட்டாயம் இல்லாமல் மரத்தில் ஆளை ஏற்றக்கூடாது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து கணவாய்க்குள் திரும்பி வீசும் காற்றும் லேசுப்பட்டதல்ல. மாசிக் கடைசியிலிருந்து சித்திரை இடிமழை பிடிக்கும் வரை நல்ல காலம். புளி உலுக்கி முடிந்திருக்கும், பாரமும் குறையும். ஏறும் முன் கூடு இருக்கிறதா என்று ஒரு நாள் காலையும் மாலையும் நின்று பாருங்கள். 2022-இல் மலப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலைக்காக ஒரு பெரிய புளியமரத்தைச் சாய்த்தபோது கூட்டில் இருந்த குஞ்சுகள் ஏராளமாகச் செத்துப்போயின, வனத்துறை வழக்குப் போட்டது. காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் அழிப்பது 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். குஞ்சு பறந்துபோகும் வரை சில வாரம் பொறுப்பது பெரிய காரியமில்லை.

கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) செக்‌ஷன் ஆபீஸில் முன்கூட்டியே மனுக் கொடுத்து லைன் ஆஃப் செய்யும் நாளை வாங்குங்கள். லைன்மேன் நேரில் வந்து, கம்பியை எர்த் செய்து காட்டிய பிறகுதான் ஆள் ஏற வேண்டும். "ஃபியூஸ் புடுங்கியாச்சு" என்று போனில் சொன்னதை நம்பி ஏறக்கூடாது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ தப்பாக இணைத்திருந்தால் அணைத்த கம்பியிலும் கரண்ட் திரும்பி வரும்.

இறக்கும் விதம்: வீட்டு நடுவில் நிற்கும் சாய்ந்த புளியை அடியில் அறுத்துச் சாய்க்கலாம் என்று சொல்கிற ஆளைத் திருப்பி அனுப்புங்கள். சாய்ந்த மரத்தைப் பின்பக்கம் அறுக்க ஆரம்பித்தால் பாதி அறுப்பதற்குள் நெடுக்காகப் பிளந்து அறுக்கிறவன் முகத்துக்கு நேராக எகிறும். மேலிருந்து துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டையும் வடத்தில் கட்டி, கப்பி போட்டு இறக்க வேண்டும். பொந்து பெரிதாக இருந்தால் ஏறவே கூடாது, கிரேனில் கூண்டு கட்டித்தான் செய்ய வேண்டும். செலவு அதிகம்தான், ஆனால் அதில் பேரம் பேசாதீர்கள். ஏறுகிறவருக்கு இடுப்பு வார், தலைக்கவசம், விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் வேலைக்காவது எடுத்துக்கொடுத்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பழைய புளியில் துணி காய வைக்க அடித்த ஆணி, மாடு கட்டிய வளையம் எல்லாம் மரத்துக்குள் புதைந்திருக்கும். தெரிந்ததை முன்னாலேயே சொல்லிவிட்டால் சங்கிலி அறுந்து அடிபடுவது மிச்சம். சிவந்த வைரம் உள்ள அடித்துண்டை விறகு விலைக்குக் கொடுக்காதீர்கள், கறிக்கடைக் கட்டைக்கு நல்ல விலை போகும்.

ஏற்றுக்கூலி விஷயத்தில் ஒரு வார்த்தை. வேலை செய்யாமல் வாங்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. வீட்டுத் தேவைக்கு உங்கள் ஆளை வைத்து நீங்கள் ஏற்றுவதைச் சுமைத்தொழிலாளர் சட்டம் தடுக்கவில்லை. வியாபாரி வாங்கி ஏற்றினால் அது வேறு கணக்கு, உள்ளூர் சுமைத் தொழிலாளர்களோடு முன்னாலேயே கூலி பேசிவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம் பல இடத்தில் கரிசல் மண். அந்த மண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பெரிய மரம் இத்தனை வருஷம் தினமும் ஈரத்தை உறிஞ்சி மண்ணை வற்ற வைத்திருந்தது. அது போனதும் மண் மெதுவாக ஈரமேறி ஊதும், இரண்டு மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு பக்கத்துச் சுவர் வெடிக்கலாம். அடித்தளம் எவ்வளவு ஆழம், சுவர் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது இது. உங்கள் வீட்டில் நடக்கும் என்று சொல்லவில்லை. மரத்திலிருந்து வீடு நெருக்கமாக இருந்தால் ஒரே நாளில் எடுக்காமல், இந்த வருஷம் பாதித் தலையைக் குறைத்து அடுத்த வருஷம் மீதியை எடுங்கள். சாய்வு புதியது என்றால் இந்த யோசனை பொருந்தாது, அப்போது உயிர்தான் முக்கியம். அடிக்கட்டையை ஜேசிபி வைத்துப் பிடுங்கவும் வேண்டாம். வேர் கிணற்றுக் கல்கட்டுக்குள் பின்னியிருந்தால் கல்லும் சேர்ந்து சரியும். தரைமட்டத்துக்கு அறுத்து மண் மூடிவிட்டால் தானே மக்கும்.

பொள்ளாச்சிப் பக்கத்து வளவிலும் மரம் இருந்தால் அங்கே சட்டம் வேறு. வால்பாறை, நீலகிரி போன்ற அறிவிக்கப்பட்ட மலைப்பகுதி என்றால் 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். சமவெளியில் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. இந்தப் பக்கம் பனை வெட்டிப் பழகிய ஆட்கள் அங்கேயும் அப்படியே கை வைத்துவிடுவார்கள், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

பட்டயத்தின் முதல் பக்கத்தில் அதைக் கொடுத்தது லேண்ட் டிரிப்யூனலா, தாசில்தாரா என்று பார்த்து எழுதுங்கள். புளியின் அடியையும் சாய்வுக்கு எதிர்ப்பக்க மண்ணையும் படம் எடுத்துப் போடுங்கள். தேக்குக்கு எந்த மனு, புளிக்கு எந்த வேலை என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.